இரண்டு பேட்சுக்கு நடுவே மைசூர்: ஒரு ‘கப்பிள் பேக்கேஜ்’ எப்படி இருந்தது?

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆகிறது. நானும் எங்க வீட்டுக்காரரும் இரண்டே பேராக வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. திருப்பதிக்குப் போயிருக்கிறோம், அத்தை, மாமா, நாத்தனார் குடும்பம் என்று ஒரு வேன் ஆட்களோடு. மேல்மருவத்தூருக்கும் அப்படித்தான். ஒகேனக்கல் எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. வருகிற விருந்தாளிக்குப் பரிசலும் மீன் வறுவலும் காட்டப் போவோமே தவிர, எங்களுக்காகப் போனதில்லை.

காரணம் பட்டுப்புழு. பாலக்கோடு பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்பெரி. இரண்டாம் தோல் உரித்த இளம்புழு வந்து இறங்கிய நாளிலிருந்து கூடு கட்டி முடிக்கும்வரை யாரும் எங்கும் நகர முடியாது. கடைசி ஒரு வாரம் ராத்திரி எழுந்தும் தழை போட வேண்டும். புழு வளர்க்கும் செட்டுக்குள் நின்றால் ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி கேட்கும், அத்தனையும் புழு தழையை மெல்லும் சத்தம். கூட்டை எடுத்துப் பட்டுக்கூடு அங்காடியில் போட்டுவிட்டு, செட்டைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் அடித்து மூடினால் அடுத்த பேட்ச் வரும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். அந்தப் பத்து நாளும், ஒரு லாங் வீக்எண்டும், சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கும் பையனுடைய லீவும் ஒன்றாக வந்து விழ இத்தனை வருஷம் ஆயிற்று. 2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. அடுத்த புழு இருபதாம் தேதி.

“மாட்டை நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்க” என்று பையன்தான் ஆரம்பித்தான். மைசூர் என்று சொன்னது எங்க வீட்டுக்காரர். எனக்கு ஆச்சரியம். கேட்டால், கல்யாணத்துக்கு முன்னாடி பட்டு வளர்ச்சித் துறை விவசாயிகளைக் கண்டுணர்வுப் பயணம் என்று பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறது. அங்கே இருக்கும் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருக்கிறார். நாங்கள் தோட்டத்தில் நட்டிருக்கும் வி-1 ரக மல்பெரிச் செடி அங்கேதான் உருவானது. “மைசூர் எனக்குத் தெரிஞ்ச ஊருதான்” என்றார். அவருக்குத் தெரிந்தது அந்த நிலையத்தின் மல்பெரித் தோட்டமும் கேன்டீனும் மட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தர்மபுரி டவுனில் ஒரு டிராவல்ஸ். பெயர் வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன், நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் முகம் பார்க்க வேண்டிய ஆட்கள். இரண்டு பேருக்கு 13,800 ரூபாய்: இரண்டு ராத்திரி ரூம், காலை டிபன், மூன்று நாளும் கார். ரயில் டிக்கெட் தனி, ஆனால் அவர்களே போட்டுத் தருவார்கள். ‘கப்பிள் ஸ்பெஷல்’ என்று மேலே இதயம் போட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைத்தான் முதலில் விமர்சிக்க வேண்டும்.

முதல் நாளில் ஏழு இடம். அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சர்ச், பட்டு ஃபேக்டரி, சாமுண்டி மலை, மார்க்கெட், ராத்திரி அரண்மனை லைட். இரண்டாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம், ரங்கனதிட்டு பறவைகள், கிருஷ்ணராஜசாகர் அணை, பிருந்தாவன். மூன்றாம் நாள், படித்ததும் சிரித்துவிட்டேன், ஊட்டி. போய்த் திரும்பி அன்று சாயங்காலமே ரயில் ஏற வேண்டும். மைசூரிலிருந்து ஊட்டி பந்திப்பூர் காட்டு வழியாக நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். மலை ஏறி டீ குடித்துவிட்டு இறங்கத்தான் நேரம் இருக்கும். கொஞ்சம் தாமதமானால் ரயிலும் போய்விடும், ராத்திரி ஒன்பதுக்கு மேல் பந்திப்பூர் ரோட்டையும் அடைத்துவிடுவார்கள், காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பியிடம் கேட்டேன். “எல்லாரும் போறாங்கக்கா, கவர் பண்ணிடலாம்” என்றார். கவர் பண்ணுவது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் தினமும் அதைத்தான் செய்கிறோம், தோட்டத்தில் இந்தப் பாத்தி முடிந்ததா, அந்தப் பாத்தி முடிந்ததா என்று.

தாளில் ஊட்டியை அடித்துவிட்டேன். மிருகக்காட்சிசாலையை அடித்தேன். பிருந்தாவனையும் லாங் வீக்எண்ட் கூட்டத்துக்குப் பயந்து அடித்தேன். ரங்கனதிட்டை அவர் அடித்தார். அந்த வருஷம் கே.ஆர்.எஸ். அணை ஜூன் மாசமே நிரம்பிவிட்டது. அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும், அது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே தண்ணீர் ரங்கனதிட்டைச் சுற்றித்தானே போகிறது, அங்கே மட்டும் படகு விடுவார்களா என்றார். தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. “லிஸ்ட்ல இருக்கு சார்” என்றார்.

பட்டு ஃபேக்டரியை மட்டும் நாங்கள் அடிக்கவில்லை. அது அவருக்காகவே எழுதின மாதிரி இருந்தது.

டிக்கெட்டில் ஒரு சின்னக் கூத்து. மாயவரம் பக்கமிருந்து வரும் மைசூர் எக்ஸ்பிரஸ் சேலம் தாண்டி தர்மபுரிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். வியாழக்கிழமை ராத்திரி ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்றாலும் டிக்கெட்டில் தேதி 15 தான் இருக்க வேண்டும். தம்பி 14 போடப் போனார். பையன் பக்கத்தில் இருந்ததால் பணம் கட்டும் முன்பே பிடித்தான். இல்லாவிட்டால் நாங்கள் போய் நிற்கும்போது எங்கள் வண்டி முந்தின நாளே மைசூர் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தப் பாதையில் யார் டிக்கெட் போட்டாலும் உங்கள் ஸ்டேஷனில் ஏறும் தேதியைப் பாருங்கள், வண்டி கிளம்பும் தேதியை இல்லை. அறுபது நாளுக்கு முன்னாலேயே ரிசர்வேஷன் திறந்துவிடுகிறது. நாங்கள் கேட்டது ஜூலைக் கடைசியில், அதனால் ஆர்.ஏ.சி. தான் கிடைத்தது.

அத்தையிடம் சொல்வது தனி வேலை. அந்த வெள்ளிக்கிழமை ஆடிக் கடைசி வெள்ளி. “ஆடி வெள்ளியும் அதுவுமா விளக்கேத்தாம ஊர் சுத்தப் போறியா?” என்றார். “சாமுண்டீஸ்வரி கோயிலுக்குத்தான் அத்தை போறோம்” என்றேன். முகம் உடனே மாறிவிட்டது. எலுமிச்சம்பழ மாலைக்குப் பணம்கூடக் கொடுத்தார். அரண்மனை லைட்டை நான் சொல்லவில்லை.

ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயர் பெர்த் ஒன்றை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். படுக்க முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து, காலை நீட்டினால் அடுத்தவர் மடியில் போய் முட்டும். அந்த ராத்திரி நாங்கள் தூங்கவே இல்லை. செட்டுக்கு வாங்கிய லோனில் இன்னும் எத்தனை தவணை, பையனைக் கேம்பஸில் எடுப்பார்களா, நாத்தனார் வீட்டுச் சண்டை, 2011-இல் புழு முழுதும் நோய் விழுந்து குழி தோண்டிப் புதைத்தது. எல்லாம் வீட்டில் பேசியதுதான், பாதிப் பேச்சில் யாராவது கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட ஆள் இல்லை. ஓசூர் தாண்டி ஒரு டீ. பெங்களூர் விடியாத நேரத்தில் போயிற்று. ராமநகரம் வந்தபோது அவர் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். ஆசியாவிலேயே பெரிய கூட்டு மார்க்கெட் என்று சொல்லும் ஊர் அது. எங்கள் அங்காடியில் விலை படுத்த சில தடவை வேன் பிடித்து அங்கே கொண்டுபோயிருக்கிறார். அவர் பேசும் கன்னடம் முழுக்க அங்கே கற்றது. விலையும் எடையும் நன்றாகச் சொல்வார். ‘பசிக்கிறது’ என்பதைச் சைகையில்தான் சொல்வார்.

ரூம் நன்றாக இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுத்தம். வெந்நீர் சொன்ன நேரத்துக்கு வந்தது. அரண்மனைக்கு நடந்தே போகும் தூரம், இதுதான் அந்த டிராவல்ஸ் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம். ‘பேலஸ் வியூ’ என்று தாளில் போட்டிருந்தது மட்டும் கொஞ்சம் தாராளம். பால்கனியின் இடது மூலையில் நின்று கழுத்தை வெளியே நீட்டினால் ஒரு கோபுரத்தின் உச்சி தெரியும்.

கதவைத் திறந்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. கட்டில் மேல் இரண்டு டவலை அன்னப்பறவை மாதிரி முறுக்கி மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். சுற்றி ரோஜா இதழ். சுவரில் சிவப்பு பலூன், ‘ஹேப்பி ஹனிமூன்’. பெட்டி தூக்கிவந்த பையன் எங்களைப் பார்த்தான், பலூனைப் பார்த்தான், மறுபடி எங்களைப் பார்த்தான். எனக்கு நரைத்த முடி, அவருக்கு வேட்டி. “தப்பான ரூமா சார்?” என்று தமிழில் கேட்டான், பாவம். அவர் இதழ் ஒன்றை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, “ஓசூர் ரோஜாதான் இது” என்றார். இதழை எல்லாம் கூட்டி ஒரு கவரில் போட்டு வைத்தேன். வீணாக்க மனசு வரவில்லை. நாற்பது தாண்டிய தம்பதி என்று டிக்கெட்டிலேயே வயசு இருக்கிறதே, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். மற்றபடி இதில் பெரிய கோபம் இல்லை. அன்னப்பறவையைப் பிரித்துத்தான் முகம் துடைத்தோம்.

காலையில் நேராக அரண்மனை. சுதந்திர தினக் கூட்டம் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று திறக்கும்போதே நின்றோம். பதினொரு மணிக்கு வெளியே வரும்போது வரிசை கேட் தாண்டிப் போயிருந்தது, ஆகையால் அது சரியான முடிவு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழைய மர அரண்மனை 1897-இல் ராஜகுமாரி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்திருக்கிறது. இப்போது இருப்பது ஹென்றி இர்வின் வரைந்து 1912-இல் கட்டி முடித்தது. எண்கோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேலே கண்ணாடிக் கூரை முழுக்க மயில், இரும்புத் தூண்களை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்தார்களாம். எங்க வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “முந்தினது கல்யாணத்துலதானே எரிஞ்சுது, அப்புறமும் முதல்ல கல்யாண மண்டபத்தை இவ்ளோ பெருசா கட்டியிருக்கான் பாரு” என்றார். எங்கள் கல்யாணம் பாலக்கோட்டில் ஒரு சின்ன மண்டபம். மழை வந்து பந்தியைப் பாதியில் உள்ளே தள்ளினோம். அதைப் பேசிக்கொண்டே கூட்டத்தில் தள்ளப்பட்டு வெளியே வந்தோம்.

மத்தியானம் பட்டு ஃபேக்டரி. இந்த இடத்தில்தான் அந்தத் தாளின் மேல் எனக்கு உண்மையான கோபம். மானந்தவாடி ரோட்டில் இருக்கும் அரசு நெசவு ஆலை அது, மகாராஜா காலத்தில் 1912-இல் ஆரம்பித்தது. நம்மூர்க் கூடு எங்கெங்கோ போய் நூலாகி, இந்த மாதிரி இடத்தில்தான் சேலை ஆகிறது. கூடு போடுகிறவன் தறியைப் பார்ப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரியும், சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். போனால் கேட் பூட்டியிருக்கிறது. சுதந்திர தினம்! நாட்டுக்கே லீவு உள்ள நாளில் அரசாங்க ஆலையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தாளைப் போட்டவர்கள் காலண்டரைப் பார்க்கவே இல்லை. நாங்களும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம், ஆனால் அதற்குத்தானே பணம் கொடுத்தோம்.

காவலுக்கு இருந்த பெரியவர் காலையில் கொடியேற்றிவிட்டு மீந்த லட்டு இரண்டு கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்த கன்னடத்தில் நாங்கள் கூடு போடுகிறவர்கள் என்று சொல்லப் பார்த்தார். என்ன சொன்னாரோ, பெரியவர் இன்னும் இரண்டு லட்டு கொடுத்தார்.

ராத்திரி லைட். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான் முழு அரண்மனைக்கும் விளக்கு போடுவார்கள், ஏழு மணிக்கு. அதனால் மூன்று நாளில் எந்த ராத்திரி என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எங்களுக்கு ரயில், ஆகையால் வெள்ளிதான். ஆறரைக்கே புல்வெளியில் இடம் பிடித்தோம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. ஒரே சமயத்தில் எரிந்தபோது அத்தனை ஜனமும் ஒரே குரலில் ‘ஆ’ என்றது. நான் கட்டிடத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். அவர் போனைத் தூக்கிப் படம் எடுக்க மறந்து வாயைத் திறந்து நின்றார். ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றாமல் வந்துவிட்டாள் என்று அத்தை இனிமேல் சொல்ல முடியாது.

சனிக்கிழமை தாளில் இல்லாதது ஒன்று நடந்தது. எங்களுக்கு நாலரைக்கே முழிப்பு வந்துவிடும், புழு பழக்கின பழக்கம். சும்மா நடப்போம் என்று காலையில் கிளம்பிப் பெரிய ரோட்டுக்கு வந்தால், எதிரே யானைகள். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. தசராவுக்காகக் காட்டு முகாம்களிலிருந்து ஆகஸ்டிலேயே அரண்மனைக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள், தினமும் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை நடக்கவைத்துப் பழக்குகிறார்கள். முன்னால் போனது அபிமன்யுவாம். விஜயதசமி அன்று 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமக்கிற யானை. டீக்கடைக்காரர் பெயர் சொல்லிக் காட்டினார். பால் பாக்கெட் வண்டி ஓரமாக நிற்க, பேப்பர் போடுகிற பையன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க, அது பாட்டுக்கு நடந்து போகிறது. எங்கள் பக்கம் யானை புதிது இல்லை. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை பக்கம் கூட்டமாகக் காட்டை விட்டு இறங்கினால் ராகித் தோட்டம் போச்சு, பட்டாசு வெடிப்போம், கதவைச் சாத்துவோம். கதவைச் சாத்தாமல் யானையைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அன்றைக்கு காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸில் சாமுண்டி மலைக்குப் போனோம். நம்மூர் டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது. அங்கேயும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். கண்டக்டர் ஆதாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

மலைக்குப் படி ஆயிரத்துச் சொச்சம். ஏறாதீர்கள், பஸ்ஸில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கமும் சுகம் இல்லை என்றாலும் நடுவில் நந்தி வந்துவிடும், அங்கே உட்காரலாம். ஒரே கல்லில் செதுக்கியது, பதினைந்து அடி உயரம், தொட்ட தேவராஜ உடையார் காலத்தது, 350 வருஷம் ஆகிறது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு. கழுத்து மணி எல்லாம் கல்லில். எங்கள் வீட்டு மாடு படுத்திருக்கும் அதே சாய்வில் முன்னங்காலை மடித்திருக்கிறது. செதுக்கியவன் மாடு வளர்த்தவன்தான், சந்தேகமே இல்லை. மேலே கோயிலில் எலுமிச்சை மாலையைச் சாத்தினோம். நமக்கு அன்றுதான் ஆடிக் கடைசி நாள். அங்கே அவர்களுக்கு ஆஷாடம் ஜூலையோடு முடிந்து சிராவணம் நடக்கிறது. அத்தையிடம் அதைச் சொல்லிக் குழப்பவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. நஜர்பாத்தில் மைலாரி தோசை சாப்பிட்டோம். பஞ்சு மாதிரி, உள்ளே குருமா மாதிரி காய்கறி சாகு, மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் சாம்பார் வரும் என்று கடைசி வாய்வரை காத்திருந்தார். வரவில்லை. ரூமில் கொடுத்த காலை டிபன் சுமார், உப்புமா இரண்டு நாளும்.

தேவராஜா மார்க்கெட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம், அதை எங்கள் தாளில் அரை மணி என்று போட்டிருந்தார்கள். குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசவாழை. அவர் மார்க்கெட் ஆள், ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டு நம்மூர் விலையோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் வாசனை பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே வரும் இடத்தில் அத்தைக்கு மைசூர்பாகு.

அப்புறம், ஃபேக்டரியைப் பார்க்க முடியாமல் போன வருத்தத்தைத் தீர்க்க, அதே அரசு நிறுவனத்தின் ஷோரூமுக்குள் நுழைந்தோம். சும்மா பார்க்கத்தான். அரக்குச் சிவப்பில் ஒரு சேலையை விரித்தார் அந்தப் பெண். வேலைப்பாடே இல்லாத மெல்லிய உடம்பு, ஜரிகைக் கரை. ஒவ்வொரு சேலையிலும் தனி எண் நெய்திருக்கிறது, ஜரிகையில் அசல் வெள்ளியும் தங்கமும். கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி நழுவுகிறது. 23 ஆயிரத்துச் சொச்சம். எங்க வீட்டுக்காரர் சேலையைத் தூக்கி எடை பார்த்தார், அங்காடியில் கூட்டுக் கூடையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே. வாய் முணுமுணுத்தது. ஒரு கிலோ நூலுக்கு ஆறரை ஏழு கிலோ கூடு. இந்தச் சேலை அரைக் கிலோகூட இருக்காது. ஆக, மூன்றரைக் கிலோ கூடு. நாங்கள் போன பேட்சை 600 ரூபாய்க்குச் சில்லறை கூடக் குறையப் போட்டோம். “ரெண்டாயிரத்து நூறு ரூவா கூடு” என்றார், யாரிடம் என்று இல்லாமல். கடைப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான், நாங்கள் கூடு போடுகிறவர்கள் என்றேன். அந்தப் பெண் எழுந்து, கண்ணாடிக்குள் இருந்த இன்னொரு சேலையை எடுத்துவந்து, விலை அட்டையை மடக்கிவிட்டு, என் தோளில் போட்டார். “வாங்க வேண்டாம், பாருங்க” என்றார். இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்தோம்.

“அடுத்த பேட்ச் நல்லா வந்தா வாங்கலாம்” என்றார் வெளியே வந்ததும். “நல்லா வந்தா செட்டுக்குக் கூரை மாத்தணும்” என்றேன். “அதுவும் சரிதான்” என்றார்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கப்பட்டணம். இந்த நாளுக்கு மட்டும் காரை எடுத்துக்கொண்டோம். டிரைவர் நல்ல மனுஷன், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே நின்றார், எந்தக் கடையிலும் கமிஷனுக்காக நிறுத்தவில்லை. இந்த டிராவல்ஸுக்கு நான் மதிப்பெண் போடுவதில் பாதி அவருக்குத்தான். ரங்கநாதர் கோயில் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. தரியா தௌலத் மாளிகை எங்களைப் பிடித்து நிறுத்திவிட்டது. திப்பு சுல்தான் 1784-இல் தேக்கில் கட்டியது. சுவர் முழுக்க பொள்ளிலூர்ப் போர், காஞ்சிபுரம் பக்கம் 1780-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை அடித்தது, யானையும் குதிரையும் பீரங்கியுமாக ஓவியம்.

காவிரி நடுவே இருக்கும் இந்தத் தீவு ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1792-இல் இங்கே கையெழுத்தான உடன்படிக்கையில்தான் பாரமகால் முழுவதும், அதாவது இன்றைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று சொல்கிற சீமை, திப்பு கையைவிட்டு கும்பினிக்குப் போனது. அதன் பிறகுதான் தாமஸ் மன்றோ தர்மபுரிக்கு வந்து நிலத்தை அளந்தார். ஏழு வருஷம் கழித்து, 1799 மே 4-ஆம் தேதி, திப்பு இந்தக் கோட்டையிலேயே விழுந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாம் படித்ததுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பட்டாவின் கொள்ளுத்தாத்தா இங்கே எழுதப்பட்டது என்று நினைத்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

கும்பஸ் என்கிற சமாதி மாளிகையில், ஹைதர் அலிக்கும் அவர் மனைவிக்கும் பக்கத்தில் திப்புவைப் புதைத்த இடத்தில், எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும் கேட்டேன். மைசூர்ச் சீமைக்கு வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவை வரவழைத்து வளர்க்க ஏற்பாடு செய்தது இவர்தான் என்று அந்தக் காலத்தில் கண்டுணர்வுப் பயணத்தில் சொன்னார்களாம். “அந்தாளு கொண்டாரலைன்னா நமக்கு ஏது பொழப்பு?” என்றார். “அதோட, நமக்கு ஏது தூக்கம்” என்றும் சேர்த்துக்கொண்டார். காவிரிக்கரையில் கொஞ்ச நேரம். தண்ணீர் செம்மண் கலராக வேகமாகப் போனது. எங்களுக்கு முந்தி ஊருக்குப் போகிற தண்ணீர்.

சாயங்கால ரயில், திரும்ப அதே மைசூர் வண்டி. இந்தத் தடவை இரண்டு பெர்த் கன்ஃபர்ம். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்போது டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. இரட்டைப் பாதை போட வேண்டும் என்று திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017-இல் இடிக்காமல் அப்படியே நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தினார்களாம். கட்டிடத்தையே நகர்த்த முடிகிறது, எங்களை வீட்டிலிருந்து நகர்த்தத்தான் இருபத்தோரு வருஷம். மத்தூரில் வடை ஏறியது. அவர் நாலு வாங்கி, மூன்றைத் தானே தின்றார். பெர்த் இரண்டு இருந்தும் சைடு சீட்டிலேயே உட்கார்ந்து வந்தோம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ரூம் இருக்கும் இடம், டிரைவர், இந்த இரண்டுக்காகவும். இடம் சுற்றும் தாளுக்கு ஒன்றும் கிடையாது. ஜோடியாகப் போகிறவர்கள் அங்கே ரூமும் ஒரு நாள் காரும் மட்டும் கேளுங்கள், அரண்மனைக்கு நடக்கும் தூரம் என்று எழுதி வாங்குங்கள். பலூன் வேண்டுமா வேண்டாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊட்டிக்கும் சனிக்கிழமைக்கும் நாங்கள் எடுக்காத காருக்கு 3,200 ரூபாய் வர வேண்டும். திங்கள்கிழமை போய்க் கேட்டேன். பணமாகத் தர மாட்டார்களாம், அடுத்த டூரில் கழித்துக்கொள்ளலாமாம். ஒரு மார்க்கு அதற்காகவும் குறைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த 3,200-ஐ விட மனசில்லை. நவம்பரில் ஒரு இடைவெளி வருகிறது. எங்க வீட்டுக்காரர் நேற்று தழை வெட்டிக்கொண்டே கேட்கிறார், “அந்த வண்டி மறுபக்கம் தஞ்சாவூர் வழியாத்தானே போவுது?”